வீட்டு ஒயினுக்குக் கட்டணம் இல்லை

அன்று மதியம் லெபனானின் ஸஹ்லே ஊரில், கல்யாணப் பேச்சு விருந்துக்காகச் சின்னார் உணவகத்தில், ஆற்றோரத்து நீள மேசையில் இருந்தவர்கள்: என் பேத்தி லமீஸ், அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட ஜாத் ஸர்ரூஃப், பெய்ரூத்தில் நாற்பது ஆண்டுகளாக ஒயின் விற்கும் ஜாதின் தந்தை கலீல் ஸர்ரூஃப், என் தம்பி மில்ஹெம், மேசையின் தலைப்பக்கம் நான், ஃபரீத் கஸ்ஸூஃப். உணவகத்தின் உரிமையாளர் ஒடெட் மத்ரான் சமையலறைக் கதவருகே நின்றிருந்தார். எங்கள் மேசையருகே வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாக இன்று ஸஹ்லேயில் நூறு பேர் சொல்கிறார்கள். அவர்களை நம்ப வேண்டாம்.

என் மகன் ஷிப்லி பிரேசிலில் இருக்கிறான். அவன் பெயரால் என்னை அபூ ஷிப்லி, அதாவது ஷிப்லியின் அப்பா, என்று அழைப்பார்கள். பெண்ணின் தந்தை இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். என் தந்தை தொண்ணூற்றேழில், தம் கடைசி அறுவடையில், இருபத்துநான்கு பாட்டில் ஒயின் செய்து, வாயைச் சிவப்பு மெழுகால் அடைத்து, தம் மோதிரத்தால் முத்திரை பதித்து நிலவறையில் வைத்துவிட்டுப் போனார். வீட்டுக் கல்யாணங்களுக்கு மட்டும் திறக்க வேண்டும் என்பது அவர் சொல். இருபத்தேழு ஆண்டுகள் அந்தச் சொல் காப்பாற்றப்பட்டது; இடையில் வீட்டில் கல்யாணம் வராததால் ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. அவற்றில் ஆறு பாட்டில் முந்தின நாள் மாலையே சின்னாருக்குப் போயிருந்தது.

ஒயின் கண்ணாடிக் கூஜாக்களில் வந்தது. முதல் கோப்பையைச் சம்பந்திக்கு ஊற்றச் சொன்னேன். கலீல் ஒரு வாய் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு தண்ணீர் குடித்தார். அவர் தண்ணீர் குடித்ததைப் பார்த்தபோதே என் முதுகு விறைத்துவிட்டது.

"அபூ ஷிப்லி," என்றார், மெல்ல. "இது இருபத்தேழு வருஷத்து ஒயின் இல்ல. அஞ்சு வருஷம் இருந்தா அதிகம்."

நானும் குடித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.

எழுந்து நின்றேன். ஒடெட்டைப் பார்த்துத் திருடி என்றேன். ஆற்றின் இரு கரையிலும் இருந்த எல்லா உணவகங்களிலும் கேட்கும்படி சொன்னேன். எங்கள் முத்திரை எங்கள் வீட்டில் பதித்தது. உடைத்தது அவர் உணவகத்தில். இடையில் ஒயின் மாறியிருந்தால் மாற்றிய கை யாருடையது என்று குழந்தைக்கும் தெரியும்.

ஒடெட் அழவில்லை, கத்தவும் இல்லை. "என் விதி சுவர்ல இருக்கு, அபூ ஷிப்லி. படிச்சுப் பாருங்க," என்று மட்டும் சொன்னார். திமிர் என்று நினைத்தேன்.

கிளம்பும்போது கலீல் என்னைத் தனியாக அழைத்து, அடுத்த ஞாயிறு வரை காத்திருப்பதாகச் சொன்னார். தவறு உணவகத்துடையது என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். எங்கள் வீட்டுடையது என்றால், பொய்யான பாட்டிலில் தொடங்கும் உறவு தம் மகனுக்கு வேண்டாம். மரியாதையாகத்தான் சொன்னார். லமீஸ் காரின் பின் இருக்கையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். ஊர் வரும்வரை திறக்கவில்லை.

மூன்று நாள் என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. கூடத்திலிருந்து வாசலுக்கும் வாசலிலிருந்து கூடத்துக்கும் நடந்தேன். புதன்கிழமை காலை பெய்ரூத்துக்குத் தொலைபேசியில் பேசி தெரேஸ் பூ ஜவ்தேயை வரவழைத்தேன்.

தெரேஸ் இருபது ஆண்டுகள் வரி அலுவலகத்தில் இருந்துவிட்டு, அது அலுத்துப்போய்த் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். ஐம்பத்தைந்து வயது. தடித்த கண்ணாடி. பேசுவதைவிட மற்றவர்களைப் பேச விடுவதில் கெட்டிக்காரர். அவருடைய உதவியாள் ஷுக்ரி. வாடகைக் கார் ஓட்டியாக இருந்தவன். அவனுக்கு வாயை மூடத் தெரியாது. அவன் காரின் முன் கதவும் அப்படித்தான், கயிற்றால் கட்டியிருந்தான்.

சின்னாருக்குப் போகும் வழியில் எங்கள் குடும்பம் எப்படிப்பட்டது என்பதை அவர்களுக்குச் சொன்னேன். நான்கு குளிர்காலங்களுக்கு முன், நாட்டின் வங்கிகள் எல்லாம் மக்கள் பணத்தைப் பூட்டி வைத்திருந்த நேரத்தில், எனக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவமனை டாலரைக் கையில் வைத்தால்தான் சேர்ப்போம் என்றது. ஊரே வங்கி வாசலில் நின்று வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தது. எங்களுக்கு மட்டும் வங்கி மேலாளர் கொடுத்தார். கஸ்ஸூஃப் என்ற பெயருக்காகக் கொடுத்தார்.

"எங்க மாமா மூணு மாசம் வாசல்ல நின்னார். குடுத்தது காபி மட்டும்தான், அதுவும் சர்க்கரை இல்லாம," என்றான் ஷுக்ரி. "பேரை மாத்திக்கச் சொல்லியிருக்கலாம்."

தெரேஸ் சின்னக் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

சின்னாரில் கூட்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வருபவர்கள் குறைந்துவிட்டதாக ஷுக்ரி பக்கத்துக் கடையில் கேட்டுவந்து சொன்னான். நான் உள்ளே போகவில்லை, வாசலில் நின்றேன். ஆனால் விதிப் பலகை வாசல் சுவரில்தான் இருந்தது. ஐம்பது ஆண்டுகளாக அந்தப் பலகையைக் கடந்து உள்ளே போயிருக்கிறேன். படித்ததில்லை. எனக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

தெரேஸ் அதைச் சத்தமாகப் படித்தார். விருந்தாளி தன் ஒயினைக் கொண்டுவரலாம். பாட்டிலுக்குப் பத்து டாலர் கட்டணம். எங்கள் பட்டியலில் உள்ள ஒயினை வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது. விருந்தாளியின் பாட்டில் அவர் கண்ணெதிரே, அவர் மேசையில் திறக்கப்படும். கடைசி வரி பெரிய எழுத்தில் இருந்தது: சொந்தத் தோட்டத்து ஒயினுக்குக் கட்டணம் இல்லை, அதற்குப் பதில் ஒவ்வொரு பாட்டிலின் முதல் கோப்பையும் கடைக்காரருக்கு.

"கடைசி விதி எங்களைப் போன்றவர்களுக்காக எழுதியது," என்றேன். "இந்த ஆற்றங்கரையில் சொந்த ஒயினுக்குக் காசு கொடுப்பவன் ஸஹ்லேக்காரனே இல்லை. கஸ்ஸூஃப் வீடு இதுவரை ஒரு காசு கொடுத்ததில்லை."

"முதல் கோப்பை குடுத்திருக்கீங்களா?"

எப்போதும் கொடுத்திருக்கிறோம் என்றேன். ஒடெட் ஒரு வாய் குடித்தால், எந்தச் சரிவில் விளைந்தது, எந்த வாரத்தில் பறித்தது என்று சொல்லிவிடுவார். அந்த நாக்குக்காகவே ஆட்கள் அவருக்கு முதல் கோப்பை கொடுக்கப் போட்டிபோடுவார்கள்.

"ஞாயித்துக்கிழமை குடிச்சாங்களா?"

நான் யோசித்தேன். குடிக்கவில்லை. கதவருகே நின்றார், அவ்வளவுதான். பாட்டில்கள் மேசையிலும் திறக்கப்படவில்லை. கூஜாவில் வந்தன. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. பாருங்கள், தன் விதியைத் தானே மீறியிருக்கிறார், இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று கேட்டேன்.

தெரேஸ் உள்ளே போனார். அரை மணி நேரம் நான் வாசலுக்கும் பாலத்துக்கும் நடந்தேன். ஷுக்ரி கூடவே நடந்து, இப்படி நடந்தால் தன் காரைவிட நான் சீக்கிரம் பெய்ரூத் போய்விடுவேன் என்றான். தெரேஸ் திரும்பி வந்தபோது கையில் ஒரு ரசீதின் நகல் இருந்தது.

ஆறு பாட்டிலுக்கு அறுபது டாலர். விருந்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணிக்குக் கட்டப்பட்டிருந்தது. யார் கட்டியது, பாட்டில்களை உள்ளே திறந்து கூஜாவில் ஊற்றச் சொன்னது யார் என்பதைச் சொல்ல ஒடெட் மறுத்துவிட்டார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாராம். அந்த அறுபது டாலரை உறையில் போட்டுத் தனியாக வைத்திருக்கிறார். பாட்டில்கள் வந்தபோது முத்திரைகள் முழுசாக இருந்தன என்பதை மட்டும் ஒப்புக்கொண்டார்.

"பொய் ரசீது," என்றேன்.

தெரேஸ் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தார்.

"இருபது வருஷத்துல வாங்கின பணத்தை மறைக்கிறவங்களைத்தான் பாத்திருக்கேன். குடுத்த பணத்தை மறைக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன். நல்லா யோசிங்க அபூ ஷிப்லி. வீட்டு ஒயின்னா காசு வேண்டாம், ஆனா ஒடெட் குடிப்பாங்க. காசு கட்டிட்டா அவங்களுக்குக் குடிக்க உரிமை இல்ல. இந்த அறுபது டாலர் பாட்டிலுக்கான கட்டணமே இல்ல. அந்த நாக்கை ஒரு மத்தியானத்துக்கு வாடகைக்கு எடுத்திருக்காங்க."

"மலிவுதான்," என்றான் ஷுக்ரி. "என் மாமியார் நாக்குக்கு அதைவிட அதிகம் குடுக்கத் தயாரா இருக்கேன்."

உணவகத்து ஆள் மாற்றியிருந்தால் போன வருடத்து மலிவு ஒயினைத்தான் ஊற்றியிருப்பான் என்றும் தெரேஸ் சொன்னார். ஐந்து வருடம் வைத்த ஒயினைத் திருட்டுக்கு யாரும் செலவழிக்க மாட்டார்கள். சின்னாரின் பட்டியலில் அப்படி ஒன்று இல்லவும் இல்லை. ஸர்ரூஃப்களுக்கோ இந்த விதியே தெரியாது. பெய்ரூத்தில் எல்லோருமே கட்டணம் கட்டுபவர்கள். ஆகவே கட்டியவர் இந்த ஊர்க்காரர், அதிலும் பாட்டிலுக்குள் என்ன இருந்தது என்பது முன்பே தெரிந்தவர். கூஜாவில் ஊற்றச் சொன்னதும், மேசையில் திறந்தால் கார்க்கின் வயது தெரிந்துவிடும் என்றுதான்.

பிறகு ரசீதைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஆறு பாட்டில்னு எப்ப முடிவு பண்ணீங்க?"

முதலில் நான்கு என்று இருந்தேன். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, காபி குடிக்கும்போது, ஆறு என்று மாற்றினேன். அதை அவரிடம் சொன்னேன். பாட்டில்கள் மாலையில்தான் சின்னாருக்குப் போயின.

"ஏழு மணிக்கு ஆறுன்னு யார்கிட்ட சொன்னீங்க?"

காபி மேசையில் எனக்கு எதிரே இருந்தது யார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவன் கையில் இருந்த ரொட்டித் துண்டுகூட நினைவிருந்தது.

"நினைவில்லை," என்றேன்.

எழுபத்துநான்கு வயதில் நான் சொன்ன பொய்களை விரல் விட்டு எண்ணலாம். அதில் இது ஒன்று.

"தொண்ணூத்தேழு அறுவடை நினைவிருக்கு, பாங்க் மேனேஜர் நினைவிருக்கு," என்றான் ஷுக்ரி. "சனிக்கிழமை மட்டும் ஆத்தோட போயிடுச்சு." தெரேஸ் அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் காரை எடுக்கப் போனான்.

தெரேஸ் நிலவறையைப் பார்க்க வேண்டும் என்றார். மறுத்தால் அதுவே பதிலாகிவிடும். அழைத்துப் போனேன். சாவி மில்ஹெமிடம்தான் இருக்கும். அவன் சமையலறையில் இருந்தான். கையை நீட்டினேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் சாவியைக் கொடுத்தான்.

மீதிப் பதினெட்டு பாட்டில்களும் வரிசையாகப் படுத்திருந்தன. மேலே தூசி. ஒவ்வொன்றின் கழுத்திலும் சிவப்பு மெழுகு. ஒவ்வொரு மெழுகிலும் என் தந்தையின் மோதிர முத்திரை. எனக்கு மூச்சு வந்தது. மோதிரத்தை விளக்கின் அருகே நீட்டிக் காட்டினேன். தந்தை இறந்த அன்று இதை என் விரலில் போட்டார்கள். இந்த மோதிரம் இல்லாமல் இந்த முத்திரை இல்லை. இது என் விரலை விட்டு இறங்கியதே இல்லை. ஆகவே இந்த வீட்டில் யாரும் எதையும் தொடவில்லை.

"ஆபரேஷனுக்குப் போனப்பகூடவா?" என்றான் ஷுக்ரி. "எங்க மாமாவுக்குப் பல் செட்டையே கழட்டி வாங்கிட்டாங்க. வெளியில வந்தவர் முதல்ல தேடினது அதைத்தான்."

அவன் வேடிக்கையாகத்தான் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு செவிலி என் விரலில் சோப்பு தடவி மோதிரத்தை உருவியது நினைவுக்கு வந்தது. அதை அவள் மில்ஹெமின் கையில் வைத்தாள். பதினொரு நாள் கழித்து என் விரலுக்குத் திரும்பியது. திரும்பியபோது அதில் செதுக்கிய எழுத்தின் பள்ளத்தில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மருந்து என்று நினைத்துப் பல்குச்சியால் சுரண்டி எடுத்தேன். மருத்துவமனைப் படுக்கையில் உட்கார்ந்து, மெழுகைச் சுரண்டி எடுத்திருக்கிறேன்.

படிக்கட்டில் மில்ஹெம் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

"ஒண்ணைத் திற," என்றேன்.

"வேண்டாம் அண்ணே. எல்லாம் ஒண்ணுதான்."

அறுபத்தாறு வயது அவனுக்கு. கடைசிப் படியில் சிறு பையனைப் போல உட்கார்ந்துகொண்டு சொன்னான். இருபத்துநான்கையும் பெய்ரூத்தில் ஒருவரிடம் விற்றிருக்கிறான். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் கையில் பணம். பிறகு நிலவறையில் கிடந்த தந்தை காலத்துக் காலிப் பாட்டில்களை எடுத்து, எங்கள் தோட்டத்தின் அந்த வருடத்து ஒயினை ஊற்றி, மாதா கோயில் மெழுகைச் சிவப்பாக்கி முத்திரை பதித்திருக்கிறான். நான் மயக்கத்தில் கிடந்த இரண்டு நாட்களில் எல்லாம் முடிந்துவிட்டது.

"வங்கி?" என்றேன்.

"அவன் ஷட்டரையே தூக்கல அண்ணே. நான் பேரைச் சொன்னேன். எந்த கஸ்ஸூஃப்னு கேட்டான்."

"வங்கி கொடுத்ததுன்னு என்கிட்ட ஏன் சொன்னே?"

"கண்ணைத் திறந்ததும் நீங்க முதல்ல கேட்டது அதைத்தான். பணம் எங்கேர்ந்து வந்துது, யார்கிட்டயாவது கையேந்தினியான்னு. நான் பாங்க் குடுத்துதுன்னேன். நீங்க சிரிச்சீங்க. டாக்டர் உங்களுக்கு அதிர்ச்சி கூடாதுன்னார். அப்புறம் நீங்க அதை ஊரெல்லாம் சொல்ல ஆரம்பிச்சுட்டீங்க. எப்படித் திருப்பி எடுக்கறது?" அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அப்பா ஒயின் எங்கேன்னு கேக்காதீங்க. உங்க நெஞ்சுக்குள்ள மூணு குழாய் வெச்சாங்களே, அங்க இருக்கு."

நான் ஒரு பாட்டிலை எடுத்து முத்திரையை விளக்கில் திருப்பிப் பார்த்தேன்.

மில்ஹெம் இன்னொன்றும் சொன்னான். ஒடெட் வாயைத் திறக்க மாட்டார். தெரேஸ் பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். பழி உணவகத்தின் மேல் இருப்பது இருக்கட்டும். லமீஸின் கல்யாணம் நடக்கட்டும். பிறகு ஒடெட்டிடம் போய்க் காலில் விழுந்துகொள்வதாகச் சொன்னான்.

தெரேஸ் குறிப்பேட்டை மூடினார். "நான் கண்டுபிடிக்க வேண்டியதைக் கண்டுபிடிச்சாச்சு. அதை யார்கிட்டச் சொல்றதுங்கறது உங்க பாடு," என்றார். ஷுக்ரி மட்டும் போகும்போது மில்ஹெமின் தோளைத் தட்டி, முத்திரை நன்றாக வந்திருக்கிறது என்றான். அவனிடம் அதற்கு மேல் நல்ல வார்த்தை எதிர்பார்க்க முடியாது.

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் திராட்சை வரிசைகளுக்கிடையே நடந்தேன். உட்கார்ந்தால் அந்தச் சொல் வந்தது: எந்த கஸ்ஸூஃப். தம்பி சொன்ன வழி எளிதானது. ஒடெட்டின் பெயரைப் பலி கொடுத்தால் எங்கள் பெயர் மிஞ்சும். ஒவ்வொரு முறை வரிசையின் முனையில் திரும்பும்போதும் அதை ஏற்றுக்கொண்டேன். மறுமுனைக்குப் போவதற்குள் கசந்தது. என் தந்தை பதித்த முத்திரை எதற்காக? உள்ளே இருப்பது வெளியே சொல்வதுதான் என்பதற்காக.

ஞாயிற்றுக்கிழமை அதே மேசை, அதே ஆட்கள். தெரேஸும் ஷுக்ரியும் தள்ளி உட்கார்ந்து கிப்பே இறைச்சி உருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டம் வரும்வரை காத்திருந்தேன். பிறகு எழுந்து, திருடி என்று சொன்ன அதே குரலில், அதே உயரத்தில், நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். வங்கியைப் பற்றியும் சொன்னேன். நான்கு வருடங்களாக நான் சொல்லித் திரிந்தது பொய் என்றேன். ஒடெட்டிடம் மன்னிப்புக் கேட்டேன். இரு கரையிலும் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது.

என்னோடு ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தேன். எங்கள் தோட்டம், போன வருடம், மெழுகு இல்லை, முத்திரை இல்லை. மேசையில் வைத்துத் திறந்து, முதல் கோப்பையை விதிப்படி ஒடெட்டிடம் கொடுத்தேன்.

அவர் குடித்தார். கண்ணை மூடித் திறந்தார். "மேக்குச் சரிவு. மழைக்கு ஒரு வாரம் முன்னாடி பறிச்சுட்டீங்க. அவசரப்பட்டுட்டீங்க அபூ ஷிப்லி."

"ஆமாம்," என்றேன்.

அவர் உள்ளே போய் ஓர் உறையைக் கொண்டுவந்து மில்ஹெமின் தட்டருகே வைத்தார். "அன்னிக்கு வந்ததும் உங்க தோட்டத்து ஒயின்தானே. வீட்டு ஒயினுக்குக் கட்டணம் இல்ல."

எல்லோரும் கலீலைப் பார்த்தோம். லமீஸ் மட்டும் பார்க்கவில்லை. மேசைவிரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். கலீல் மில்ஹெமையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபத்துநாலும் எவ்வளவுக்கு வித்தீங்க?" என்று கேட்டார்.

மில்ஹெம் தொகையைச் சொன்னான்.

கலீல் ஸர்ரூஃப் வலி வந்தவரைப் போல முகத்தைச் சுளித்தார். "நல்லா ஏமாந்துட்டீங்க. என்கிட்ட வந்திருக்கணும்," என்றார். பிறகு தம் காலிக் கோப்பையை மில்ஹெமின் பக்கம் நகர்த்தினார். "இனிமே எதை விக்கறதா இருந்தாலும் சம்பந்தியைக் கேக்காம விக்காதீங்க. ஊத்துங்க."

லமீஸ் நூலை விட்டுவிட்டுச் சிரித்தாள். கல்யாணம் செப்டம்பரில், அறுவடைக்கு முன்.

பெய்ரூத்திலிருந்து வந்த துப்பறியும் பெண்மணி சின்னாரில் பரிமாறும் ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்தார் என்றும், அவன் அழுது ஒப்புக்கொண்டான் என்றும் ஸஹ்லேயில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். பாட்டில்களை மாற்றியது கஸ்ஸூஃப் வீடு. நிலவறைச் சாவி இன்றும் மில்ஹெமிடம்தான் இருக்கிறது.